ராமநாதபுரம் கடலோரத்தில் ஈ.பி. இணைப்பு இல்லாத வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் வந்ததற்கு அந்த வெயிலும் ஒரு காரணம். ஆனால் கமுதி கடலைவிட்டு நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஊர். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் கரையில் வீடு வைத்திருப்பவருக்கு, வெயில் எவ்வளவு என்பதைவிட இரண்டு விஷயங்களே கணக்கைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்காக மூடிக்கிடக்கும் வானம். மற்றொன்று, ஆண்டு முழுவதும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் உப்புக் காற்று. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துத்தான் பின்வரும் ஒவ்வொரு படியும் சொல்லப்படுகிறது.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

மின்வாரியத்தின் கம்பம் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், பேட்டரியை நம்பி வாழும் அமைப்பை யோசிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். அதை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பேட்டரியில் பணத்தைப் போடுவது கணக்குக்கு ஒத்துவராது. ஒன்றிய அரசு 2024இல் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியமும், மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்புகளுக்கு மட்டுமே உரியது. கம்பியோடு தொடர்பில்லாத தனி அமைப்புக்கும் அந்த மானியம் உண்டு என்று சொல்லி விற்க வருபவரிடம், அதை எழுத்தில் கேட்டாலே போதும்.

கம்பி எட்டாத இடங்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கின்றன. பனங்காட்டுக்குள் தனித்து நிற்கும் தோப்பு வீடு, உப்பளத்துக் காவல் கொட்டகை, இறால் பண்ணையின் காவல் அறை, கரையோர மீனவர் குடிசை ஆகியவை அவற்றுள் சில. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குத் திரும்பிவந்து குடிசை போட்ட மீனவக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் கம்பிவழி மின்சாரம் இல்லாமலேதான் வாழ்ந்தார்கள். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட இடங்களில் குடியேறுபவர்களுக்கானது.

முதலில் செலவைக் கணக்கிடுக

பெரும்பாலானவர்கள் கடைக்குப் போய், எத்தனை பேனல் போட வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் ஒரு தாளை எடுத்து, வீட்டில் ஓடப்போகும் ஒவ்வொரு பொருளின் வாட்டையும், அது நாளொன்றுக்கு ஓடும் மணியையும் பெருக்கி எழுத வேண்டும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்.

நால்வர் குடியிருக்கும் ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.ஈ.டி. விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. 30 வாட் மட்டும் இழுக்கும் பி.எல்.டி.சி. என்னும் சிக்கன வகை மின்விசிறிகள் இரண்டு, பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் 720. தொலைக்காட்சி நான்கு மணி நேரத்திற்கு 200. கைபேசிகளும் சில்லறைச் சாதனங்களும் 100. மிக்ஸி 600 வாட் என்றாலும் பத்து நிமிடம்தான் ஓடும் என்பதால் 100. இந்த ஊர் வெக்கையில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்கு 700 வைத்துக்கொள்ளலாம். ஆகமொத்தம் 2,000 வாட்-மணி, அதாவது நாளுக்கு இரண்டு யூனிட்.

இங்கே மின்விசிறியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பழைய வகை மின்விசிறி 75 வாட் இழுக்கும். அதே பன்னிரண்டு மணி நேரத்திற்கு இரண்டு மின்விசிறிகளும் சேர்ந்து 1,800 வாட்-மணி கேட்கும். மின்விசிறியை மாற்றுவதால் மிச்சமாகும் ஒரு யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைப் பேனலும் பேட்டரியும் வாங்கி ஈடுகட்டுவதென்றால், புதிய மின்விசிறிகளின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். சிக்கனத்துக்குக் கொடுக்கும் பணம்தான் இந்த அமைப்பில் மிகவும் லாபமான பணம்.

கணக்கில் எவரும் சேர்க்காத ஒன்றும் உண்டு. பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர், வீட்டில் எதுவுமே ஓடாதபோதும் தனக்கென்று சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. இந்த அளவு வீட்டுக்கான இன்வெர்ட்டர் சும்மா இருக்கையில் 25 வாட் எடுத்தால், 24 மணி நேரத்தில் அது 600 வாட்-மணி ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு ஃபிரிட்ஜின் செலவு. எனவே வாங்கும்போது, சும்மா இருக்கையில் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டு, விவரத்தாளில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் கணக்கு இப்போது 2.6 யூனிட்டுக்கு வந்துவிட்டது.

ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இல்லாத குடிசைக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை. இரண்டு 7 வாட் விளக்கு, 20 வாட்டில் சுற்றும் 12 வோல்ட் நேர் மின்னோட்ட (டி.சி.) மின்விசிறி, கைபேசி ஆகியவற்றுக்கு நாளுக்கு 300 வாட்-மணி போதும். 150 வாட் பேனல் ஒன்று, 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, பேனலின் மின்சாரத்தை அளவோடு பேட்டரிக்கு ஏற்றும் சிறிய சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். முதன்முதலாக இறங்குபவர்களுக்கு இந்த அளவில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

கார்த்திகை மாதத்துக்காக அமைத்தல்

ஒரு நாளில் விழும் மொத்த வெயிலை, உச்சி வெயிலின் முழு வலிமையில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். இந்தக் கரையில் ஆண்டுச் சராசரி அப்படிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். விற்பவர்கள் அந்தச் சராசரியைத்தான் சொல்வார்கள். கம்பியோடு இணைத்த வீட்டுக்கு அது சரி. வெயில் மாதங்களில் மிஞ்சியதை நவம்பரில் கழித்துக்கொள்ளலாம். தனி அமைப்புக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பேட்டரி இரண்டு நாளைக்கு மேல் எதையும் சேர்த்துவைக்காது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் நான்கு மணி நேரத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். தொடர்மழை நாட்களில் அதுவும் கிடைக்காது. 2020 டிசம்பரில் புரெவி புயல், மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையை ஒட்டியே நகராமல் நின்று வலுவிழந்தபோது, இந்தப் பகுதி வெயில் முகம் பார்க்காமல் கிடந்தது. அத்தகைய வாரத்துக்கும் சேர்த்துப் பேட்டரி வாங்க நினைத்தால் வீட்டு விலைக்கு வந்துவிடும். அந்த நாட்களில் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு விளக்கையும் மின்விசிறியையும் மட்டும் காப்பாற்றுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

2.6 யூனிட்டை நான்கு மணி நேரத்தால் வகுத்தால் 0.65 கிலோவாட். பேனலின் சூடு, கண்ணாடியில் படியும் உப்பு, கம்பி, பேட்டரி ஆகியவற்றில் முப்பது சதவீதம் வரை போய்விடும் என்பதால் அதை 0.7ஆல் வகுக்க, 0.93 கிலோவாட் வருகிறது. இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் இரண்டு போட்டால் 1.08 கிலோவாட். இந்த வீட்டுக்கு அது போதும். சூட்டினால் வரும் இழப்பை அலட்சியம் செய்யக் கூடாது. பேனலின் மீது அச்சிட்டிருக்கும் திறன், அதற்குள் மின்சாரத்தை உண்டாக்கும் சிறு தகடான செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும் என்றால், எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

பேட்டரி

செலவில் பெரும்பங்கும், தவறாகத் தேர்ந்தெடுத்தால் வரும் துயரத்தில் பெரும்பங்கும் இங்கேதான் இருக்கின்றன. முதலில் ஒரு தடை: விசைப்படகிலிருந்தோ லாரியிலிருந்தோ கழற்றிய பேட்டரியைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. அது இன்ஜினை முடுக்கச் சில விநாடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. இரவெல்லாம் மெல்ல மெல்ல வடித்தால் சில மாதங்களில் படுத்துவிடும்.

உண்மையான தேர்வு இரண்டுக்கு இடையில்தான்: டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஈய-அமில பேட்டரியில் எழுதியிருக்கும் அளவில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் அது ஆயுளோடு இருக்கும். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி என்றால், இரண்டையும் பெருக்க 1,800 வாட்-மணி. நமக்குக் கிடைப்பது 900. லித்தியத்தில் 85 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். நம் வீட்டுக்கு இரவுச் செலவு சுமார் 1.6 யூனிட், வெயிலற்ற ஒரு முழு நாளுக்கு 2.6 யூனிட், ஆக 4.2 யூனிட் கையில் இருக்க வேண்டும். 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 5.12 யூனிட் இருக்கிறது, பயன்படுவது 4.35. ஈய-அமிலத்தில் அதே வேலைக்கு 200 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கு வேண்டும்.

கடலோரத்துக்கு எது ஏற்றது என்று கேட்டால், பணம் இடம் கொடுத்தால் லித்தியமே என்பேன். அதற்குக் காரணம் விளம்பரங்கள் சொல்வதல்ல, வெக்கைதான். ஈய-அமில பேட்டரியின் ஆயுள் அதைச் சுற்றியுள்ள சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகிறது. ஓட்டுக்குக் கீழே 37, 38 டிகிரியில் நிற்கும் அறையில், ஐந்து ஆண்டு வர வேண்டியது மூன்றுக்குள் முடிந்துபோவது அதனால்தான். தவிர, அதற்கு மாதந்தோறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும்; கிணற்றுத் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும், அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது. அதே நேரம், ஈய-அமிலத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. பழுதானால் ராமநாதபுரத்திலேயே பார்க்க ஆள் கிடைக்கும். ஒன்று போனால் மற்ற மூன்றின் நிலையையும் அளந்து பார்த்துவிடலாம். லித்தியத்தில் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை செயலிழந்தால், முழுப் பெட்டியும் ஒரே நாளில் மூச்சை நிறுத்திவிடும். ஆகவே லித்தியம் வாங்குபவர்கள், உத்தரவாதத்துக்கு மதுரைக்கோ சென்னைக்கோ பெட்டியைத் தூக்கிப் போக வேண்டுமா, ஆள் இங்கே வருவாரா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் தரையில் வைக்கக் கூடாது. 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரையோடு தரையாக இருக்கும் பேட்டரிக்கு அப்படி ஒரு நாள் போதும். இரண்டடி உயர மேடை கட்டி, வெயில் படாத சுவரை ஒட்டி வைப்பது நல்லது.

வோல்ட்டேஜ், கம்பி, சார்ஜ் கன்ட்ரோலர்

மேலே சொன்ன 51.2 வோல்ட் பேட்டரி, 48 வோல்ட் வகை என்று அழைக்கப்படுவது. அதைச் சொன்னதற்குக் காரணம் கம்பிதான். 360 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 30 ஆம்பியர் ஓடும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பத்து மீட்டர் தூரம் போய்வர, 2.6 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அது ஐந்தில் ஒரு பங்கைவிட அதிகம். அதே 360 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 7.5 ஆம்பியர்தான் ஓடும். இழப்பு ஒன்றரை சதவீதத்தைக்கூட எட்டாது. குடிசைக்கு 12, நடுத்தர வீட்டுக்கு 24 அல்லது 48 என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு 12 வோல்ட் அமைப்பை எவர் பரிந்துரைத்தாலும் ஏற்க வேண்டாம்.

சார்ஜ் கன்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை உண்டு. முன்னது மலிவு, ஆனால் பேனலின் வோல்ட்டேஜைப் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்துக் கீழே இறக்கிவிடும். 540 வாட் பேனல் ஏறத்தாழ 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும். அதைப் பி.டபிள்யூ.எம். வழியாக 24 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், 27 வோல்ட்டில் அதே 13 ஆம்பியர்தான் கிடைக்கும். 540 வாட் 350 வாட்டாகச் சுருங்கிவிடும். பெரிய பேனல்களுக்கு, மிஞ்சும் வோல்ட்டேஜை வீணாக்காமல் மின்னோட்டமாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. தவிர வேறு வழியில்லை.

அதை வாங்கும்போது, தாங்கக்கூடிய உச்ச வோல்ட்டேஜ் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். சுமை இணைக்காதபோது 540 வாட் பேனல் ஒன்று 49 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இரண்டைத் தொடராக இணைத்தால் விடியற்காலைக் குளிர்ச்சியில் அது நூறைத் தொடும். 100 வோல்ட் என்று எழுதிய கன்ட்ரோலர் மார்கழிக் காலை ஒன்றில் கருகிப்போகும். 150 வோல்ட் வகையே பாதுகாப்பு. மின்னோட்டத்துக்கு 30 ஆம்பியர் போதும்.

இன்வெர்ட்டர், மின்வாரிய மின்சாரத்தைப்போலச் சீராக ஏறி இறங்கும் தூய சைன் அலை தருவதாக இருக்க வேண்டும். சதுர அலையில் மின்விசிறி இரையும், ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் சூடேறும். ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் வழக்கமான சுமையைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், 1,500 முதல் 2,000 வாட் வரை தாங்கும் ஒன்று தேவை. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரையும் ஓட்டுவதென்றால் இந்தக் கணக்கு முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

உப்புக்கு எதிராக

பாம்பன் பக்கத்தில் கடலைப் பார்த்த எந்த மொட்டைமாடியிலும் இரண்டு வயதான பேனல் ஸ்டாண்ட் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால், இந்தப் பகுதி ஏன் நீளமாக எழுதப்படுகிறது என்பது விளங்கும். பேனலின் கண்ணாடி புத்தம் புதிதாக இருக்கும். அதன் அலுமினியச் சட்டத்தை எஃகு போல்ட் தொடும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிரும், அடியில் உலோகம் குழிந்திருக்கும். ஸ்டாண்டின் கால், காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் துரு அடுக்கடுக்காக உரிந்திருக்கும். கம்பி முனையில் மேலுறையைச் சீவினால் செம்பு பச்சையேறிக் கறுத்திருக்கும், சில சமயம் ஒரு சாண் உள்ளே வரைக்கும். பேனல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்று எழுதித் தருகிறார்கள்; அதைத் தாங்கும் போல்ட் இரண்டு மழையைத் தாண்டாது. யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் செய்வது போலத்தான் பலரும் இங்கே நடந்துகொள்கிறார்கள்.

பேனல் வாங்கும்போது, ஐ.இ.சி. 61701 என்னும் உப்புப் பனிச் சோதனையில் தேறியதா என்று கேட்டுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். பெரிய தயாரிப்பாளர்களின் பேனல்களில் பெரும்பாலும் இருக்கும். பெயர் தெரியாத மலிவுப் பேனலில் இருக்காது. போல்ட், நட், வாஷர் எல்லாம் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 வகை, கடலை ஒட்டிய இடத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறத் தொடங்கிவிடும். பளபளவென்று மின்னும் முலாம் பூசிய சாதாரண போல்ட்டை எடுக்கவே வேண்டாம். எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொடாதபடி இடையில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைத்தால், மேலே சொன்ன வெள்ளைப் பொடி பூப்பது வெகுவாகக் குறையும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரியே உருவாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது என்பதே அதன் காரணம்.

ஸ்டாண்டுக்கு அலுமினியமோ, உருகிய துத்தநாகத்தில் முழுவதுமாகத் தோய்த்தெடுத்த இரும்போ பயன்படுத்தலாம். இரும்பென்றால், வெட்டுவது, துளையிடுவது, வெல்டிங் வைப்பது அனைத்தும் தோய்ப்பதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். மாடியில் கொண்டுவந்து வெட்டிய ஒவ்வொரு முனையும் துருவுக்குத் திறந்துவிட்ட வாசல். கம்பி, வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளைக் கொண்ட சோலார் டி.சி. கேபிளாக இருக்க வேண்டும். வீட்டு ஒயரிங் கம்பி வெயிலிலும் உப்பிலும் வெடித்துவிடும். பேனல்களை இணைக்கும் எம்.சி.4 இணைப்பிகள் தரையிலோ சட்டத்தின் பள்ளத்திலோ கிடக்காமல், பேனலுக்கு அடியில் நிழலில், மழைநீர் வழிந்து உள்ளே இறங்காதபடி கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டுக் கட்டப்பட வேண்டும். கட்டுவதற்கு வெள்ளை நைலான் பட்டை ஆகாது, ஓராண்டில் ஒடிந்துவிடும். கறுப்பு நிறத்தில் வெயில் தாங்கும் வகை கிடைக்கிறது. இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. அதன் விசிறி உப்புக் காற்றை உள்ளிழுத்து, பலகையின் மீதே படியவைக்கும்.

எங்கே, எந்தத் திசையில்

இந்தக் கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 டிகிரியில் இருப்பதால், பேனல் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்ந்திருந்தால் ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். டிசம்பரில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்வதால், இன்னும் செங்குத்தாக வைத்தால் அந்த மாதங்களில் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் அந்த லாபம் சிறியது. காற்று பிடிக்கும் அபாயமோ பெரியது. 15 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது என்பதால், வடபுறத்தில் ஓங்கி நிற்கும் வேம்பும் நிழல் தரும் என்பதை மறக்கக் கூடாது. பனைமரத்தின் ஒற்றைத் தண்டு நிழல் மெலிதாகத் தெரிந்தாலும், அது விழும் செல் வரிசை முழுவதையும் அடக்கிவிடும். இடத்தைத் தீர்மானிக்கும் முன் காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு ஆகிய வேளைகளில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓலைக் கூரையின் மீது பேனல் ஏற்றக் கூடாது. தாங்காது என்பது ஒருபுறம். தளர்ந்த இணைப்பில் பொறி பறந்தால் என்னாகும் என்பது மறுபுறம். அத்தகைய வீட்டுக்கு அருகில் தரையில் தூண் நட்டு மாட்டுவதே வழி. ஆடு ஏறாமலிருக்க வேலியும், மணல் மேடு ஏறாமலிருக்கத் தரையிலிருந்து மூன்றடி உயரமும் வேண்டும். அடித்தளக் காங்கிரீட்டுக்குக் கடல் மணல் பயன்படுத்தினால், உள்ளிருக்கும் கம்பி அங்கிருந்தே அரிக்கத் தொடங்கும்.

இரண்டு பேனல்களும் சேர்ந்து 60 கிலோ எடைதான். ஐந்து சதுர மீட்டர் பரப்புள்ள அவற்றை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளும் விசையோ 300 கிலோவுக்கும் மேல் போகக்கூடும். மாடியில் நான்கு ஹாலோ பிளாக் கல்லை வைத்து அழுத்திவிட்டுப் போகும் வேலையை ஏற்காதீர்கள். காங்கிரீட் மேடையில் ஊன்றிய போல்ட்டில்தான் கால் நிற்க வேண்டும். பேனலுக்குப் பின்னால் காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோக ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இணைக்கும் முறை

இரண்டு பேனல் தொடரில் வரும் 100 வோல்ட் நேர் மின்சாரம் உயிருக்கு ஆபத்தானது. இந்த வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் என்ன செய்கிறார் என்று அருகில் நின்று பார்ப்பதற்கு இந்த வரிசை உதவும்.

பேனலின் மேல் கனமான போர்வை ஒன்றைப் போர்த்த வேண்டும். பேட்டரியின் நேர் முனையிலிருந்து புறப்படும் கம்பியில், முனைக்கு மிக அருகிலேயே டி.சி. ஃப்யூஸ் இருக்க வேண்டும். முதலில் பேட்டரியைச் சார்ஜ் கன்ட்ரோலரோடு இணைத்து, அதில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லித்தியத்துக்கு ஈய-அமில அமைப்பையோ, ஈய-அமிலத்துக்கு லித்தியம் அமைப்பையோ விட்டுவைத்தால் பேட்டரி மெதுவாகச் சாகும். அதன் பிறகு, மல்டிமீட்டரால் நேர், எதிர் முனைகளைச் சரிபார்த்துவிட்டுப் பேனலை இணைக்க வேண்டும். கடைசியாக இன்வெர்ட்டர். கழற்றும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழ்: இன்வெர்ட்டர், பேனல், இறுதியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கன்ட்ரோலரில் விட்டுவைத்தால் சில வகைகள் எரிந்துபோகும்.

மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி.; வீட்டு மின்பெட்டியில் இருக்கும் சாதாரண ஏ.சி. (மாறு மின்னோட்ட) எம்.சி.பி.யைப் பேனல் பக்கத்தில் போடக் கூடாது. மாறு மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டுவருவதால் அதில் எழும் பொறி தானே அணையும்; நேர் மின்னோட்டத்தில் பொறி நின்று எரியும். டி.சி. என்று எழுதிய எம்.சி.பி. வேண்டும், அதிலும் நேர், எதிர் குறியுள்ளவற்றைத் திருப்பி மாட்டிவிடக் கூடாது. பேனல் சட்டம், ஸ்டாண்ட், இன்வெர்ட்டரின் உடல் மூன்றையும் எர்த் செய்து, மின்னல் அதிர்வைத் தாங்க டி.சி. சர்ஜ் பாதுகாப்பானும் வைக்க வேண்டும். உப்பு ஈரமுள்ள மண் எர்த்துக்கு நல்லதுதான் என்றாலும், இரும்புக் குழாயை அதே மண் தின்றுவிடும்; செம்பு பூசிய கம்பியே நிற்கும். காய்ந்த மணல் மேட்டில், ஈரம் தட்டும் ஆழம் வரை அது இறங்க வேண்டும்.

பராமரிப்பு

கச்சான் காற்று, அதாவது மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் மணலும் உப்பும் கலந்த ஒரு படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சாய்வு குறைவான பேனலில் அது கீழ் விளிம்பில் வந்து தேங்கி, காய்ந்து, விரல் அகலத்துக்கு ஒரு பட்டையாகப் படிந்துவிடும். மேலே கண்ணாடி பளிச்சென்று இருந்தாலும், கடைசி வரிசைச் செல்களை மறைக்கும் அந்தப் பட்டை விளைச்சலைக் கணிசமாகக் குறைக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பேனல் சூடேறும் முன், காலைப் பனி ஈரம் கண்ணாடியில் இருக்கும்போதே துணியால் துடைத்து, அரை வாளி நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரால் கழுவினால், காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நின்று பழைய அழுக்கைவிட அதிகமாக மறைக்கும். குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு நிற்கும் ஊரில் பேனலுக்கு நல்ல தண்ணீரா என்று தோன்றலாம். மழைக்காலத்தில் பிடித்துவைத்த தொட்டித் தண்ணீரை இதற்கென்று ஒதுக்கிவைப்பது அதற்கு ஒரு தீர்வு.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு எல்லா முனைகளையும் முடுக்கி, பேட்டரி முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்னர் ஸ்டாண்டின் போல்ட்டுகளைப் பார்த்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால், பேட்டரியை முந்தின நாளே முழுமையாக ஏற்றிவைத்து, பேனல் பக்கத்து எம்.சி.பி.யை இறக்கிவிடலாம். வெள்ளம் உள்ளே புகுந்து நனைந்த எதையும், காய்ந்துவிட்டது என்று நம்பி மறுபடி போட வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும்.

மழை மாதங்களில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைக் காலை பதினொன்று முதல் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது பேட்டரிக்கு நல்லது. பின்னாளில் தேவை கூடினால் பேனலைச் சேர்ப்பது எளிது. கன்ட்ரோலரின் அளவு மட்டும் இடம் கொடுக்க வேண்டும். பழைய ஈய-அமில பேட்டரியோடு புதியதைச் சேர்த்தால், பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். மாற்றினால் நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். கழித்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை எடுத்துக்கொள்வார். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் அதன் விலையைக் கழித்துக்கொள்வார்கள்.